நாற்பத்தொன்றாம் நிமிடம்

அக்குரேரி மருத்துவமனை. பிப்ரவரி.
காலை ஏழாகியும் ஜன்னலில் இரவுதான்.
எஃகுத் தட்டில் கிடக்கிறது
அறுநூற்றுப் பன்னிரண்டு கிராம்,
ஈரமாய், ஊதா ஓடிய சிவப்பாய்.

பத்து நிமிடத்துக்குள் வந்திருக்க வேண்டும்.
ஸ்டெயின்வோர் படிவத்தை நிரப்புகிறாள்:
குழந்தை வெளிவந்தது 6.02.
இது வெளிவந்தது 6.19.
ஆய்வறைக்கு வந்தது 7.00.

நடுவில் நடந்ததற்குப் படிவத்தில் கட்டமில்லை.
ஐதிஸுக்கு ரத்தம் நிற்கவில்லை.
மருத்துவச்சி ஆஸ்கெர்துர் ஒரே ஒரு முறை
இதைப் புரட்டி, விரித்து, விரலால் தடவி
நகத்தளவு ஓரிடம் பிய்ந்திருப்பதைக் கண்டாள்.
துணுக்கு உள்ளே நின்றுவிட்டது.
அதன்பின் அறையிலிருந்த அத்தனை கைகளும்
அவள் அடிவயிற்றின் மேல்.
தட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்திருக்கவும் கூடாது.

ஆனால் இதனிடம் யாரும் சொல்லவில்லை
வேலை முடிந்ததென்று.

பந்தி எழுந்து போன பிறகும்
உள்ளே உலை கொதிக்கிறது.
காற்று வரும் வழி அடைந்ததும்
சேர்த்து வைத்த சர்க்கரையைச் சுரண்டி எடுத்து
அரை வயிற்றுக்குச் சமைக்கிறது,
ஆக்சிஜனை அறியாத காலத்து உயிர்கள்
பிழைத்துக் கிடந்த அதே பழைய முறையில்.
அதில் மிஞ்சுவது புளிப்பு.
கீழ்த்தள உணவகத்தில்
கிண்ணத்தில் வைத்திருக்கும் ஸ்கீரின்
அதே அமிலம்தான்
இங்கே நிமிடத்துக்கு நிமிடம் ஏறுகிறது.
உயிரணுவின் கைச்செலவுக் காசெல்லாம்
சில்லறையாகி, சில்லறையும் தேய்ந்து
கடைசியில் தன் புரதத்தையே
அவிழ்த்து விற்கத் தொடங்குகிறது.
யாருக்காக?
கேள்வி என்னுடையது.
அதற்குக் கேள்வி கிடையாது.

இந்த ஊர்மொழியில் இதற்குப் பெயர் ஃபில்கியா.
கூட வருவது.
ஒருவர் வந்து சேருமுன் வாசலில் வந்து நிற்கும்
துணை ஆவிக்கும் அதே பெயராம்.
என் மொழியோ நஞ்சு என்கிறது.
ஒன்பது மாதம் ஊட்டியதற்கு இதுவா கூலி என்று
நெடுநாள் எனக்கு ஒரு வருத்தம்.
இன்று தோன்றுகிறது:
பெயர் வைத்தவள் கவிஞர் அல்ல.
துணுக்கு உள்ளே நின்றுபோன ஒருத்தியின்
கால்மாட்டில் விடியவிடிய உட்கார்ந்திருந்தவள்.

7.12. கதவில் தட்டும் ஒலி.
தோர்கில்ஸ், குழந்தையின் தகப்பன்,
டால்விக் மீன் ஆலைக்காரன்.
ரத்தம் நின்றுவிட்டது என்று முதலில் சொன்னான்.
பிறகு, அதைப் பார்க்கலாமா என்றான்.

ஸ்டெயின்வோர் கையுறை தந்தாள்.
அவன் தொட்டான். ஆறியிருந்தது.
என்ன செய்வீர்கள் இதை?
ஒன்றுமில்லை. நேரம் கடந்துவிட்டது.
பிறந்தபோது எப்படி இருந்தது என்று
இனி இதனால் சொல்ல முடியாது.
எத்தனை நேரம் ஆயிற்று என்றுதான் சொல்லும்.

அவன் தலையசைத்தான்.
காட் மீனும் அப்படித்தான்.
படகுக்காரன் நேற்றுப் பிடித்தது என்பான்,
சதையை அரைத்துச் சோதித்தால்
மூன்று நாள் என்று வரும்.
சரி, இது என்ன சொல்கிறது?

அவள் ஒரு சிறு துண்டை வெட்டி
நைட்ரஜனில் போட்டிருந்தாள், ஏனென்று தெரியாமல்.
இன்னொன்றை அரைத்து
கருவியில் வைத்திருந்தாள்.
எண்ணைக் காட்டினாள்.
வரைகோட்டில் விரல் வைத்து
நாற்பதுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

பொய் சொல்லவில்லை, என்றான்.

படிவத்தின் கடைசிக் கட்டத்தில்
தகுதியற்றது என்று எழுதினாள்.
அவன் அதைப் படித்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
முழங்கை வரை சோப்புப் போட்டு,
ஆலையில் கழுவுகிற மாதிரி,
நெடுநேரம் கைகழுவினான்.

மேல்தளத்தில்
இன்னும் பெயர் வைக்காத ஒருத்தி
முதல் முறையாகப் பசித்து
அழுகிறாள்.